செங்காயும் பழமும்

ராயக்கோட்டை மண்டியில்
தரம் பிரிப்பதும் நான்தான்
கணக்கு எழுதுவதும் நான்தான்.

சென்னைக்குப் போகும் பெட்டியில் செங்காய் மட்டும்.
அடியில் லேசாக நிறம் திரும்பியிருந்தால் போதும்.
இங்கே பச்சையாய் ஏறி
வாணியம்பாடியில் மஞ்சளாகி
ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்போது
தார்ப்பாய்க்குள் யாரும் பார்க்காமல் சிவந்துவிடும்.

பெங்களூருக்கு அந்த அவகாசம் இல்லை.
ஓசூரில் ஒரு டீ,
அதற்குள் ஊர் வந்துவிடும்.
பழமாகவே கேட்பார்கள்
ஒரே அளவில்
பிரேயருக்கு நிற்கும் பிள்ளைகளைப் போல.

கோயம்பேட்டு ஃபோன் ராத்திரி பதினோரு மணிக்கு.
"அக்கா, சாப்ட்டியா?"
கேட்டுவிட்டுத்தான் விலையைக் குறைப்பான் ஏகாம்பரம்.
ஒன்பது வருஷமாக வெறும் குரல்.
பின்னால் யாரோ யாரையோ
திட்டிக்கொண்டே இருப்பார்கள்.
அங்கே வேர்க்கிறது என்பது
இங்கே காதுக்குக் கேட்கும்.

கலாசிப்பாளையத்து மஞ்சுநாத்
கன்னடத்தில் எண் சொல்வார், தெலுங்கில் சிரிப்பார்.
மற்றதெல்லாம் வாட்ஸப்பில் ஒரு கட்டைவிரல்.
பணம் காலை பத்து மணிக்குள் ஏறிவிடும்.
ஏகாம்பரத்தின் பணம் வர அமாவாசை ஆகும்.
ஆனால் தீபாவளிக்கு
காலிப் பெட்டிக்குள் ஒரு கிலோ சோன்பப்டி
வந்து சேரும், நொறுங்கி.

காலிப் பெட்டிகளைக் கழுவும்போது
பெயின்ட் குறியைப் பார்க்காமலே ஊரைச் சொல்வேன்.
சென்னைப் பெட்டியில் உப்புப் பிசுபிசுப்பு.
ஒருமுறை ரயில் பாஸ் ஒன்று கிடந்தது
கிண்டி - கூடுவாஞ்சேரி
இன்னும் ஆறு நாள் பாக்கி.
அந்த ஆறு நாளும் அந்த ஆள்
எப்படிப் போனாரோ.
பெங்களூர்ப் பெட்டி தொட்டாலே ஜில்லென்றிருக்கும்.
வாடாத கொத்தமல்லி,
காதில் செருகிப் பாட்டுக் கேட்கும்
வெள்ளைக் குமிழ் ஒன்று, ஜோடி இல்லாமல்.

கண் பார்க்க ஒரே ஒருமுறை பெங்களூர் போனேன்.
ஆஸ்பத்திரிக்கு எதிரே கண்ணாடிக் கடை.
உள்ளே எங்கள் தக்காளி
ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு ஒட்டுத்தாள்.
விலைப் பலகையைப் படித்தேன்.
பார்வை சரியாகத்தான் இருக்கிறது என்று
அங்கேயே தெரிந்துவிட்டது.

சென்னையைப் பார்த்ததில்லை.
"மார்க்கெட்லேருந்து கடல் எவ்ளோ தூரம்?"
என்று ஏகாம்பரத்தைக் கேட்டேன்.
"யாருக்குக்கா தெரியும்,
கல்யாணத்துக்கு முன்னாடி போனது."

போன மாசம் பந்த்.
ஜூஜூவாடியில் நஞ்சுண்டனின் வண்டி நின்றுவிட்டது.
நூற்றிருபது பெட்டி, அத்தனையும் பழம்.
மஞ்சுநாத் முதல்முறையாக
மூன்று நிமிஷம் பேசினார்.
ஏகாம்பரம் சொன்னான்,
"இங்க வர்றதுக்குள்ள ரசமாயிடும்க்கா."
ஓசூரில் அவர்கள் பழமே தேங்கிக் கிடந்தது.
கெம்பண்ணன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு
கிருஷ்ணகிரிக்குத் திருப்பு என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தார்ப்பாயை அவிழ்த்தோம்.
கிலோ பத்து ரூபாய்.
எங்கள் ஊருக்கு எப்போதும் வருவது
வெடித்தது, புள்ளி விழுந்தது,
இரண்டு நகரமும் வேண்டாம் என்றது.
அதை அரிந்து கெட்டதை வீசி
மிச்சத்தில் குழம்பு வைத்தே பழகிய கைகள்
அன்று பெட்டிக்கு முன் தயங்கின.
காவேரிப்பட்டணம் பஸ்ஸுக்கு நின்ற ஒருத்தி
பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இதுல எங்க கெட்டுருக்கு?"
எங்கேயும் இல்லை என்றேன்.
நம்பாமல் அரைக்கிலோ மட்டும் வாங்கினாள்.
பஸ் ஏறியும் ஜன்னல் வெளிச்சத்தில்
பார்த்துக்கொண்டே போனாள்.

மிஞ்சியதில் நானும் இரண்டு கிலோ எடுத்துக்கொண்டேன்.
கணக்கில் எழுதினேன், இருபது ரூபாய்.

ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோன்.
"அக்கா, சாப்ட்டியா?"
சாப்பிட்டேன் என்றேன்
பெங்களூர்ச் சாப்பாடு.